கரைப்பானும் நீர்த்தெள்ளும்

இரசாயன ஆய்வுகூடத்திலே கரைப்பானுக்குப் பெயருண்டேயன்றிப் பெருமையில்லை. நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் நீரிற் கரைய மறுக்கின்றது. அதனைக் கரைத்து நீருக்குட் கொண்டுசேர்ப்பதற்கு அசற்றோனோ எதனோலோ மெதனோலோ வேண்டப்படுகின்றது. ஆய்வேட்டில் முறைகளை விவரிக்கும் அத்தியாயத்தில் அக்கரைப்பான் ஒரு வரியில் வந்து போகும். முடிவுகளைக் கூறும் அத்தியாயத்தில் அதன் பெயரே இராது. கலியாண வீட்டுக்கு மாப்பிள்ளையை ஏற்றி வந்த காரைப் பற்றி எவர் பேசுவர்? ஆயின், அந்நீரில் வாழும் சிற்றுயிரின் நிலையில் நின்று நோக்குவோமாயின், ஏற்றி வந்தது எது, ஏறி வந்தது எது என்ற வேறுபாடு பொருளற்றுப் போகும். இரண்டும் ஒருங்கே அதன் உடலுட் புகுகின்றன. பல வேளைகளில் ஏற்றி வந்ததே பன்மடங்கு மிகுதியாகப் புகுகின்றது.

விலங்கியல் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடயம் சில ஆண்டுகளாக மனத்தை விட்டகலாத ஒன்றாக இருந்து வருகின்றது. இம்மலரின் வாசகருள் கலைப்பீடத்தைச் சேர்ந்தோரும் பலர் உளர் ஆதலின், நான் குறிப்பிடும் சிற்றுயிரை முதலில் அறிமுகஞ் செய்துவிடுதல் நன்று. கோயிற் கேணியொன்றில் மாரிக்குப் பின் பச்சை படர்ந்து நிற்கும் நீரைக் கண்ணாடிக் குவளையில் அள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்தால், ஊசிமுனை அளவினவான புள்ளிகள் சில துள்ளித் துள்ளி மேலெழுந்து, பின் மெல்லத் தாழ்ந்து, மீண்டும் துள்ளுவதைக் காணலாம். தெள்ளுப் போலத் துள்ளுவதால் நீர்த்தெள்ளு என்று பெயர் பெற்றன. உண்மையில் அவை இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவினர். ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் டப்னியா மக்னா ஐந்து மில்லிமீற்றர் வரை வளரும். அது எமது வெப்பத்துக்கு உரியதன்று. எமது குளங்களிலும் கேணிகளிலும் வாழ்பவை பெரும்பாலும் அதன் சிறிய உறவினர்களாகிய மொயினா, செரியோடப்னியா போன்றவை.

நுணுக்குக்காட்டியின் கீழே இவ்வுயிரை முதன்முறை காணும் மாணவர் எவரும் ஒரு கணம் பேச்சிழந்து நிற்பதை நான் ஆண்டுதோறும் கண்டு வருகின்றேன். உடல் முழுவதும் கண்ணாடி போன்றது. முதுகுப்புறத்தே இதயம் துடிப்பது தெரியும். உணவுக் குழாயிற் பச்சைப்பாசி நகர்ந்து செல்வது தெரியும். முதுகறையினுள்ளே முட்டைகளும், கண் புள்ளியாக அரும்பிய குஞ்சுகளும் தெரியும். மறைப்பதற்கு ஒன்றுமில்லாத இவ்வுடலே அறிவியலுக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. 1884 ஆம் ஆண்டில் மெச்னிக்கோவ், ஒருவகை மதுவத்தின் வித்திகள் நீர்த்தெள்ளின் குடற்சுவரைத் துளைத்து உட்புகுவதையும், அதன் குருதிக் கலங்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்குவதையும் உயிருள்ள விலங்கிலேயே கண்டு எழுதினார். நோய் எதிர்ப்புப் பற்றிய கொள்கையின் ஓர் அடித்தளம் இக்கேணிப் பிராணியின் வயிற்றிலே இடப்பட்டது எனலாம். 1944 இல் அமெரிக்காவில் அன்டர்சன் என்பவர் தொழிற்சாலைக் கழிவுகளிற் காணப்படும் பொருள்கள் எந்தச் செறிவில் டப்னியாவை முடக்குகின்றன என அட்டவணை இட்டார். அன்று முதல் நீரின் நஞ்சை அளப்பதற்கு இவ்வுயிர் ஒரு தராசுத் தட்டாகிவிட்டது. 2011 இல் டப்னியா பியூலெக்சின் மரபணுத் தொகுதி வெளியானபோது, அதில் ஏறத்தாழ 31,000 மரபணுக்கள் உள்ளனவெனத் தெரியவந்தது. மனிதனிலும் அது மிகுதி.

இத்தகைய உயிருக்குக் கரைப்பான் ஏன் இத்துணை கொடியது? அதன் உடலமைப்பிலேயே விடை இருக்கின்றது. சிறிய உடலுக்குப் பருமனை நோக்க மேற்பரப்பு மிகுதி. கால்களை ஓயாது அசைத்து நீரை ஓட்டிக்கொண்டிருத்தலே அதன் சுவாசம். அதுவே அதன் உணவுத் தேட்டம். முட்டைகள் தாயின் முதுகறையிலே பத்திரமாக இருப்பதாக நாம் எண்ணுகின்றோம். அவ்வறைக்கும் வெளிநீர் சென்று வருகின்றது. நீரில் உள்ளதை மறுக்கும் வாயில் ஒன்று அதனிடம் இல்லை.

கரைப்பான் உட்புகுந்து செய்யும் தீங்கைப் பற்றி நூறாண்டுக்கு முன்னரே தெளிவான ஒரு விதி கண்டுபிடிக்கப்பட்டது. 1899 இல் மாபேர்க் நகரில் ஹான்ஸ் மேயரும், 1901 இல் சூரிச் நகரில் ஓவர்ட்டன் என்பவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். ஒரு பொருள் நீரை விட்டு எண்ணெயை எவ்வளவு நாடுகின்றதோ அவ்வளவுக்கு அது உயிரை மயக்கும் என்பதே அம்முடிவு. அவர்கள் எண்ணெயாகக் கொண்டது ஒலிவ் எண்ணெய். உயிராகக் கொண்டது தவளையின் வாற்பேய். கலத்தின் மென்சவ்வு கொழுப்பாலானது ஆதலின் அங்கே கரைப்பான் குடியேறுகின்றது. போதிய அளவு குடியேறியதும் விலங்கு மயங்குகின்றது. எனவே நீரோடு இலகுவிற் கலக்கும் அசற்றோனும் எதனோலும் நீர்த்தெள்ளை முடக்க லீற்றருக்குக் கிராம் கணக்கில் வேண்டும். கொழுப்பை நாடும் தொலுயீனுக்கு மில்லிகிராம் கணக்கே போதும். இம்மயக்கம் தொடக்கத்தில் மீளக்கூடியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முடங்கிக் கிடக்கும் நீர்த்தெள்ளைக் காலம் தாழ்த்தாது நல்ல நீரில் விட்டால், சிறிது நேரத்தில் கொம்பை அசைத்து எழும். அதனாலேதான் நியமப் பரிசோதனைகளில் ‘இறந்தது’ என்று எழுதுவதில்லை. முகவையை மெல்ல அசைத்தபின் பதினைந்து செக்கன்களுள் நீந்தாதவற்றை ‘முடங்கியவை’ என்றே கணக்கிடுகின்றனர்.

இவ்விதியிலிருந்து பெறப்படும் இன்னொரு செய்தி எனக்கு அச்சந் தருவது. மயக்கும் பொருள்கள் ஒன்றோடொன்று கூட்டற் கணக்கிலே சேர்கின்றன. ஒவ்வொன்றும் தனித்து நின்றால் எவ்வகைத் தீங்கும் செய்யாத சிறு அளவில் ஐம்பது பொருள்களை ஒரே நீரிற் கலந்து டப்னியாவிற் பரிசோதித்தனர் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர். 1988 இல் வெளியான அவ்வாய்வின்படி, ஐம்பதும் சேர்ந்து ஒரு பெருநஞ்சாகவே தொழிற்பட்டன. ஆகவே, ‘எமது கழிவில் இது மிகச் சொற்பம்’ என ஒவ்வொருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஐம்பது பேர் சொல்லும் உண்மைகளைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்புக் கேணியிலுள்ள தெள்ளுக்கு வந்துவிடுகின்றது.

ஏட்டுக் கல்வியாக இருந்த இவற்றை எனக்கு நேரிற் காட்டியவை எமது வளர்ப்புச் சாடிகளே. மதுவமும் பச்சை நீரும் ஊட்டி, எட்டுச் சாடிகளில் நீர்த்தெள்ளுகளை வளர்த்து வந்தோம். அயலறை அலுமாரிகளுக்கு வார்னிஷ் பூசிய வாரத்தில் ஜன்னலோரம் திறந்திருந்த ஆறு சாடிகளும் வெறுமையாயின. அடியில் வெள்ளைத் தூசு போல அவற்றின் ஓடுகள் படிந்து கிடந்தன. மறுகோடியில், கண்ணாடி மூடி இட்டிருந்த இரண்டு சாடிகளில் மாத்திரம் அவை துள்ளிக்கொண்டிருந்தன. அறைக்குள் நுழைந்த எமக்குத் தலைவலியாக வந்த அதே தின்னர் மணந்தான் நீரில் இறங்கியிருந்தது. தலைவலி வந்தவர் வெளியே போய் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம். சாடியில் இருப்பது எங்கே போகும்? மூடி ஒன்றின் விலை எவ்வளவு என்று அன்று கணக்குப் பார்த்தேன். பிறகு எட்டுச் சாடிகளுக்கும் மூடி வாங்கினோம்.

கரைப்பானைக் கணக்கில் எடுத்தலே காத்தலின் முதற்படி என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது, சில வருடங்களுக்கு முன்னர் இறுதி வருட மாணவி ஒருவரின் ஆய்வின்போதுதான். நொச்சி இலைச் சாறு நுளம்புக் குடம்பிகளைக் கொல்லும் எனப் பலர் எழுதியுள்ளனர். அதே நீரில் வாழும் நீர்த்தெள்ளுகளுக்கு அச்சாறு என்ன செய்யும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. நல்ல வினா, கேட்க வேண்டிய வினா. உலர்ந்த சாற்றை அசற்றோனிற் கரைத்து, நூறு மில்லிலீற்றர் நீருக்கு ஒரு மில்லிலீற்றராகச் சேர்த்து மூன்று மாதம் வேலை செய்தார். அட்டவணைகள் பார்வைக்கு அழகாக இருந்தன. சாறு இட்ட முகவைகளில் நீர்த்தெள்ளுகள் முடங்கின. வெறும் நீர் கொண்ட முகவைகளில் நீந்தின. அவற்றுக்கிடையே மூன்றாவது வரிசை ஒன்று, அசற்றோன் மாத்திரம் இட்டதாக, வேண்டும் என்றேன். முகம் சற்றுச் சுருங்கினாலும் அன்று மாலையே அவ்வரிசையை வைத்துவிட்டுப் போனார். மறுநாட் காலை நான் வருமுன்னரே ஆய்வுகூட வாசலில் நின்றார்.

“சேர், வெறும் அசற்றோன் விட்டதிலையும் ஒண்டும் அசையேல்லை.”

“எவ்வளவு விட்டனீர்?”

“நுளம்புப் புழுவுக்கு விடுற அளவுதான், சேர். நூறுக்கு ஒண்டு.”

சிக்கல் அங்கேதான் இருந்தது. நூறுக்கு ஒன்று என்பது நுளம்புக் குடம்பிகளுக்கான பரிசோதனைகளில் வழக்கமாகக் கையாளப்படும் அளவு. குடம்பி அதைத் தாங்கும். அது மேற்பரப்புக்கு வந்து வளியைச் சுவாசிப்பது. நீர்த்தெள்ளோ நீரையே நம்பி இருப்பது. நூறுக்கு ஒன்று எனின் லீற்றருக்கு ஏறத்தாழ எட்டுக் கிராம் அசற்றோன். டப்னியாவுக்கான சர்வதேச நியமங்கள் அனுமதிப்பதோ லீற்றருக்குப் பத்திலொரு மில்லிலீற்றர். அதாவது, அவர் இட்டது அனுமதியின் நூறு மடங்கு. நொச்சியின் மீது சுமத்தப்பட்ட கொலைகளிற் பெரும்பாலானவற்றை அதனை ஏற்றி வந்த அசற்றோனே செய்திருந்தது.

ஆய்வேடு ஒப்படைக்க ஆறு வாரமே இருந்தது. அனுபவமிக்க ஒருவர், அந்த மூன்றாவது வரிசையை எழுதாமல் விட்டுவிட்டால் பரீட்சகர் கேட்கப் போவதில்லை என்று அம்மாணவிக்கு ஆலோசனை கூறியதாகப் பின்னர் அறிந்தேன். அவ்வாலோசனையின் பின்னாலுள்ள இரக்கத்தை நான் மறுக்கவில்லை. கிராமத்திலிருந்து பஸ்ஸேறி வந்து படிக்கும் பிள்ளை. வகுப்புச் சித்தி தவறினால் உத்தியோகம் தவறும். ஆயினும் அவர் அதை ஏற்கவில்லை. மீண்டும் தொடங்கினார். இம்முறை சாற்றுக் கரைசலைக் குடுவைக்குள் விட்டுச் சுழற்றி, அசற்றோன் முழுவதும் ஆவியாகிச் சாறு மாத்திரம் கண்ணாடிச் சுவரிற் படலமாகப் படியும்வரை காத்திருந்தார். பின் நீர் ஊற்றி இரவு முழுவதும் கலக்கவிட்டு, அந்நீரில் நீர்த்தெள்ளுகளை விட்டார். கரைப்பான் இன்றியே காரியம் நிறைவேறியது. நொச்சியின் தாக்கம் முன்னைய அட்டவணைகள் காட்டியதிலும் மிகக் குறைவாகவே இருந்தது. பரபரப்பாகப் பேசத் தக்க முடிவன்று. எனினும் பரீட்சகர் முதலிற் கேட்ட வினாவே அசற்றோனைப் பற்றியதாக அமைந்தது.

இவ்விடத்தில் ஆய்வு நெறிகளைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். லீற்றருக்குப் பத்திலொரு மில்லிலீற்றர் என்னும் எல்லைகூட நீண்டகாலப் பரிசோதனைகளுக்குப் பாதுகாப்பானதன்று என்ற கருத்து வலுத்து வருகின்றது. 2006 இல் ஹச்சின்சனும் அவருடன் சேர்ந்தோரும் அதுவரை வெளிவந்த சான்றுகளை ஆராய்ந்து, இனப்பெருக்க ஆய்வுகளிற் கரைப்பான் லீற்றருக்கு 20 மைக்குரோலீற்றரைத் தாண்டலாகாது என்று பரிந்துரைத்தனர். அது பழைய எல்லையின் ஐந்திலொன்று. நீர்த்தெள்ளின் இனப்பெருக்கப் பரிசோதனை இருபத்தொரு நாள் நடப்பது. அத்தனை நாளும் அசற்றோன் வெறுமனே இருப்பதில்லை. பற்றீரியாக்கள் அதனை உண்டு பெருகுகின்றன. பெருகியவை ஒட்சிசனைக் குடிக்கின்றன. முகவையின் சுவரில் வழுவழுப்பு ஏறுகின்றது. நஞ்சால் முடங்காத தெள்ளு மூச்சின்றி முடங்கும். இன்னொரு புறம், தொலுயீன் போன்று விரைந்து ஆவியாகும் கரைப்பான்களைத் திறந்த முகவையிற் சோதித்தால், பாதி வேலை முடியுமுன்னரே பொருள் பறந்துவிடும். தெள்ளு பிழைத்ததைக் கண்டு ‘தீங்கில்லை’ என எழுதுவோம். விளிம்புவரை நீர் நிரப்பி, வளிக்கு இடமின்றி மூடிய குப்பிகளிலேயே அவற்றைச் சோதித்தல் வேண்டும். அன்றியும் இந்நியமங்கள் யாவும் இருபது பாகை செல்சியசை ஒட்டி, குளிர்நாட்டு டப்னியாவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எமது ஆய்வுகூட நீர் பங்குனியில் முப்பதைத் தொடும். இரவல் வாங்கிய எல்லைகளை எமது மொயினாவிற் சோதித்தே எமதாக்க வேண்டும் என்பது என் துணிபு. அதற்குப் பெரும் பொருட்செலவு ஒன்றும் இல்லை.

‘நுளம்பு ஒழிப்புக்கென்று வருடந்தோறும் குளங்குளமாக மருந்து விடுகின்றோம், அதில் எத்தனை கோடி சாகின்றன! நீர் முகவையில் இருபது தெள்ளுக்காக மல்லுக்கட்டுகிறீர்’ என்று நண்பர் ஒருவர் என்னைப் பரிகசிப்பதுண்டு. முகவையில் உள்ள இருபதுக்காக நான் அழவில்லை. அந்த இருபது பிழையாகச் சாட்சி சொன்னால், வெளியே உள்ள கோடிக்கு யார் சாட்சி என்பதே என் கவலை. இக்கவலை வீண் கற்பனையன்று என்பதற்கு இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையிலே பெருஞ் சான்று ஒன்று உண்டு.

1967 மார்ச் 18 ஆம் நாள், ‘டொறி கன்யன்’ என்னும் எண்ணெய்க் கப்பல் கோர்ன்வோலுக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையிலுள்ள ‘ஏழு கற்கள்’ எனப்படும் பாறைத் தொடரில் மோதியது. அதில் ஏறத்தாழ 119,000 தொன் குவைத் மசகெண்ணெய் இருந்தது. அதுவரை உலகம் காணாத பெரும் எண்ணெய்க் கசிவு. கறுத்த எண்ணெய் கரையிலே வந்து படிய, அக்காலத்து அரசு செய்தது யாதெனின், அதனைக் கரைத்து ஓட்டுவதற்காகச் சுமார் 10,000 தொன் ‘சுத்திகரிப்பான்’ திரவத்தைக் கடலிலும் பாறைகளிலும் தெளித்தது. சுத்திகரிப்பான் என்ற பெயரைக் கேட்டுச் சவர்க்காரம் என்று எண்ணிவிடலாகாது. எண்ணெயை நீரோடு கலக்கச் செய்யும் பொருள் ஒரு பகுதி. அப்பொருளை எண்ணெய்க்குள் ஏற்றிச் செல்லும் அரோமற்றிக் ஐதரோகாபன் கரைப்பான் பெரும்பகுதி. இங்கும் அது ‘ஏற்றிச் செல்வது’ தான்!

பிளிமத் கடலுயிரியல் ஆய்வுகூடத்தினர் வேறு வேலைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் கரையோரம் எங்கும் இறங்கி ஆராய்ந்தனர். அவர்களது அறிக்கை 1968 இல் நூலாக வெளிவந்தது. அதன் முடிவு அரசுக்கு உவப்பானதன்று: கரையோர உயிர்களைப் பெருமளவிற் கொன்றது எண்ணெயன்று, அதனைப் போக்கத் தெளித்த திரவமே, அத்திரவத்திலும் கூடிய நஞ்சு கரைப்பானே. எண்ணெய் மாத்திரம் படிந்த பாறைகளில், லிம்பெற் எனப்படும் கூம்போட்டு நத்தைகள் அந்த எண்ணெய்ப் படலத்தையே மேய்ந்துகொண்டு உயிரோடிருந்தன. திரவம் தெளித்த பாறைகளிலோ அவை பிடி தளர்ந்து விழுந்தன. மேயர், ஓவர்ட்டன் ஆகியோரின் மயக்க விதி இங்கே பாறைப் பரப்பில் எழுதப்பட்டது எனலாம். மயங்கிய லிம்பெற் உடனே இறக்க வேண்டியதில்லை. பாறையைப் பற்றிய பிடியை ஒரு கணம் நழுவவிட்டாலே போதும், அலை கொண்டுபோய்விடும்.

அதன் பின் நிகழ்ந்ததுதான் என் நண்பருக்குரிய விடை. மேய்வதற்கு லிம்பெற் இல்லாது போகவே பாறைகள் சில மாதங்களில் பச்சைப் பாசியால் மூடுண்டன. பச்சையைத் தொடர்ந்து கபிலப் பாசி காடாக வளர்ந்தது. அதன் ஈரநிழலிலே புதிய லிம்பெற் குஞ்சுகள் அளவுகடந்து பெருகின. மேய்ந்து மேய்ந்து காட்டை வெறுமையாக்கின. பின் உணவின்றிக் கூட்டங் கூட்டமாகப் பாறைமேல் அலைந்து மடிந்தன. இவ்வாறு மிகுவதும் குன்றுவதுமாக ஆடி ஆடி, திரவம் கடுமையாகத் தெளிக்கப்பட்ட கரைகள் பழைய நிலைக்கு வரப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் சென்றன. கோட்றெவி என்னும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கரை தேறிவிட்டது. அங்கே திரவம் தெளிக்கப்படவில்லை. ஏனெனில் அங்கே கடல்நாய்கள் வாழ்ந்தன. அவற்றுக்குக் கேடு வரலாகாது என்று தெளிப்பவர்களைத் தடுத்திருந்தனர். பெரிய கண்களும் மீசையும் உள்ள கடல்நாய்க்குக் காட்டிய பரிவினால் லிம்பெற் தப்பியது. லிம்பெற்றுக்காகவே தடுத்திருப்பார்களா என்று நான் மாணவரைக் கேட்பதுண்டு. இதுவரை ஒருவரேனும் ‘ஆம்’ என்று சொன்னதில்லை.

ஆனால், அதற்குப் பின் வந்த மாற்றத்தையும் சொல்லாது விடல் நீதியன்று. 1970களில் அரோமற்றிக் பகுதி குறைந்த கரைப்பான்களைக் கொண்ட திரவங்கள் ஆக்கப்பட்டன. பிரித்தானியாவில் இத்தகைய திரவம் ஒன்றுக்கு அனுமதி வேண்டுமாயின், கபில இறாலிலும் லிம்பெற்றிலும் அதனைச் சோதித்துக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. பாறைக் கரைக்கான சோதனையிலே திரவம் எண்ணெயினும் கூடிய தீங்கை லிம்பெற்றுக்குச் செய்யலாகாது. 1967 இல் எவரும் கேளாத சாட்சியைச் சட்டமே அழைத்துக் கேட்கும் நிலை உண்டாயிற்று. காத்தல் என நான் கருதுவது இதனையே.

எமது நாட்டுக்கு வருவோம். தோட்டங்களுக்கு அடிக்கும் பூச்சிமருந்துப் போத்தலின் சுட்டுத்துண்டைப் படித்துப் பாருங்கள். தொழிற்படு பொருள் நூற்றுக்கு இவ்வளவு என்று இருக்கும். மிகுதி யாது? நீரிற் கலந்தால் பால் போல வெளுக்கும் மருந்துகளில் அம்மிகுதியின் பெரும்பகுதி கரைப்பானே. பலவற்றிற் சைலீன் போன்ற அரோமற்றிக் கரைப்பான். இம்மிகுதியை நெடுங்காலம் ‘சடப்பொருள்’ என்றே அழைத்து வந்தனர். அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு நிறுவனம் 1997 இல், அப்பெயர் மக்களை மயக்குகின்றது என்று கண்டு, ‘ஏனைய சேர்மானங்கள்’ என எழுதுமாறு உற்பத்தியாளரைத் தூண்டியது. இத்தனைக்கும் அதே நாட்டில் 1940களின் இறுதி தொட்டு நீர்ப்பாசன வாய்க்கால்களின் களைகளைக் கொல்வதற்குச் சைலீனையே நேரடியாக ஊற்றி வந்தனர். வாய்க்காலிற் கொலையாளி, போத்தலிற் சடப்பொருள். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் மருந்தடித்த தெளிகருவியைக் கிணற்றடித் தொட்டியிற் கழுவும் எமது வழக்கத்தை இந்த வெளிச்சத்தில் நோக்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட வேறு ஆறில்லை. மண்ணுக்குக் கீழே வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த மயோசீன் காலத்துச் சுண்ணக்கல், அதற்குள்ளே நன்னீர். மேலே ஊற்றியது கீழே இறங்க அதிக காலம் வேண்டியதில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றதை யாவரும் அறிவர். அந்நாட்களிற் கூட்டங்கள் பலவற்றுக்குப் போயிருந்தேன். குடிக்கலாமா, குளிக்கலாமா, பயிருக்கு விடலாமா எனக் கேட்டனர், கேட்க வேண்டியவையே. கிணற்றில் முன்னர் துள்ளியவை இப்போதும் துள்ளுகின்றனவா என்று ஒரு முதியவர் மாத்திரம் கேட்டார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். முற்காலத்தில் துலாவால் அள்ளிய நீரை வெள்ளைத் துணியால் வடித்தபோது துணியில் அவை நெளிந்ததைத் தாம் கண்டதாகவும், நெளிந்தால் நல்ல தண்ணீர் என்று தம் தாயார் சொல்வார் என்றும் கூறினார். அன்டர்சனின் அட்டவணையை அக்கிழவி படித்திருக்க நியாயமில்லை.

கிணறுகளைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் எமது ஆய்வுகூடத் தொட்டியைப் பற்றிப் பேசாதிருப்பது முறையன்று. நான் முன்னர் பணியாற்றிய ஓரிடத்தில், செய்முறை வகுப்பு முடிந்ததும் மிகுந்த கரைப்பான்களைத் தொட்டியில் ஊற்றி, நீரைத் திறந்துவிடுவதே நடைமுறை. ஐதாக்கினால் தீங்கில்லை என்பது நம்பிக்கை. அத்தொட்டியின் குழாய் கட்டடத்துக்குப் பின்னாலுள்ள ஊறுகுழிக்குச் சென்றது. ஊறுகுழிக்குக் கீழே சுண்ணக்கல். பலமுறை சொல்லியும் குழாய்க்கு வழி மாறவில்லை.

இப்போது நான் பணியாற்றும் இடத்தில் தொட்டியருகே இரண்டு கபிலநிறப் போத்தல்கள் வைத்திருக்கின்றோம். குளோரோபோம் முதலான குளோரீன் சேர்ந்தவற்றுக்கு ஒன்று. அசற்றோன், எதனோல் முதலியவற்றுக்கு மற்றொன்று. இரண்டையும் கலக்கலாகாது, குளோரோபோமும் அசற்றோனும் காரத்தின் முன்னிலையில் வெடிக்கவும் கூடும். முதலாம் வருட மாணவருக்கு நுணுக்குக்காட்டியில் நீர்த்தெள்ளின் இதயத்தைக் காட்டிய அதே நாளில் இப்போத்தல்களையும் காட்டிவிடுகின்றேன். பிறகு எவரும் தொட்டியில் ஊற்றுவதில்லை. ஆனால் நிரம்பிய போத்தல்களை என்ன செய்வது என்பதற்குத்தான் விடை நீள்கின்றது. இத்தகைய கழிவை எரிக்கத்தக்க சீமெந்துச் சூளை புத்தளத்தில் உள்ளது. சில லீற்றருக்காக அங்கிருந்து எவரும் வாகனம் அனுப்பார். பக்கத்துத் துறைகளையும், வைத்தியசாலை ஆய்வுகூடத்தையும், இரண்டு அச்சகங்களையும் சேர்த்து ஒரு லொறிச் சுமையாக்கலாம் என்று கடிதங்கள் எழுதியிருக்கின்றோம். அச்சகத்தார் முதலிற் பதில் அனுப்பினர். ஏனைய பதில்கள் வரும்வரை போத்தல்கள் ஆவியுறிஞ்சும் அலுமாரியில், வளர்ப்புச் சாடிகளுக்கு எட்டாத மறுகோடியில் இருக்கின்றன. இத்தவணையில் மூன்றாவது போத்தலுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டியாயிற்று.